பவுடரின் வில்லையைத் திட்டும் உத்தியோகம்

வங்காள விரிகுடாவோடு தனிப்பட்ட முறையில் பகை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். பிறந்தது ராயபுரம், வளர்ந்தது ராயபுரம், வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அப்பா அதில் ஒரு கிரேனை ஓட்டித்தான் பிள்ளையை வேதியியல் படிக்க வைத்தார். பிள்ளையோ, பேச்சுவார்த்தை முறிந்துபோன பங்காளியைத் தெருவில் பார்த்ததுபோலக் கடலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பெயர் பவுடர். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்து நான் பட்ட பொறாமையை மின்சாரமாக மாற்ற முடிந்திருந்தால் எண்ணூர் புகைபோக்கிகளுக்கு வேலையே இருந்திருக்காது.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் எங்கள் ஆய்வுக்கூடம். சோடியம் பேட்டரி செய்வது எங்கள் வேலை, அதாவது செய்யப் பார்ப்பது. லித்தியத்தை எந்த நாட்டிலிருந்தோ கப்பலில் கொண்டுவர வேண்டும். சோடியம் உப்பில் இருக்கிறது, உப்பு கடலில் இருக்கிறது, கடல் தெருக்கோடியில் இருக்கிறது. பேட்டரியின் ஒரு முனை சோடியம் உலோகம், மற்றது பாஸிட்டிவ் முனை; இரண்டுக்கும் நடுவே சோடியம் போய்வர ஒரு பாதை வேண்டும். வழக்கமான பேட்டரியில் அது ஒரு திரவம். வேளை சரியில்லை என்றால் தீப்பிடிக்கும். திரவத்துக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு வில்லையை வைத்துவிட்டால் அந்த வம்பு இல்லை. வில்லையை எதால் செய்வது என்பதில் எங்கள் கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது.

ஹாலைடு கட்சிக்குப் பவுடர்தான் தலைவர், தொண்டர், போஸ்டர் ஒட்டுபவர் எல்லாம். ஹாலைடு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் சமையலறை உப்பு ஜாடியில் இருப்பதும் ஹாலைடுதான். அதோடு சிர்கோனியம் குளோரைடைச் சேர்த்து, குண்டுகள் போட்ட ஜாடியில் உருட்டு உருட்டென்று உருட்டினால் அரிசி மாவு மாதிரி வெள்ளைப் பொடி வரும். அதை அச்சில் கொட்டி பிரஸ்ஸில் அழுத்தினால் ஒரு மாத்திரை அளவு வில்லை.

கந்தகக் கட்சியில் நான் தனியாள். என் பொடியில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், அழுகிய முட்டை நாற்றம் வரும். சட்டையில் ஏறினால் இறங்காது. காலடிப்பேட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில் எத்தனை கூட்டம் இருந்தாலும் எனக்கு உட்கார இடம் கிடைக்கும்; பக்கத்து சீட்டும் சேர்த்துக் கிடைக்கும். பவுடர் எனக்கு வைத்த பெயர் முட்டை. டீ கொண்டுவரும் அக்கா அவருக்குக் கையில் கொடுப்பார். எனக்கு வாசற்படியில் வைத்துவிட்டு, "முட்ட, டீ!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடிவிடுவார்.

ஈரக்காற்று பட்டால் பவுடரின் பொடியும் செத்துப்போகும். பிசுபிசுத்து, மூக்கைக் கிழிக்கிற அமில நெடி விட்டுக் கதை முடிந்துவிடும். ஆகவே எல்லா வேலையும் பெட்டிக்குள்தான். கண்ணாடி முகப்பு வைத்த பெரிய பெட்டி, உள்ளே ஆர்கான் வாயு, வெளியிலிருந்து கையை விட்டுக்கொள்ள நீண்ட ரப்பர் கையுறைகள். காற்றின் ஈரத்துக்கு இப்படிப் பயப்படுகிற ஒரு பொருளை, உப்பு ஜாடியில் கரண்டி போட்டால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற வடசென்னையில் வந்து செய்யத் தோன்றியது எங்கள் முதலாளிக்குத்தான். ஷெட் அவருடைய மாமனாருடையது.

இந்த ஒரே காரணத்தால் பவுடர் கடலோடு பேசுவதை நிறுத்தினார். சித்திரை வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். ஒருநாள் கடற்கரைச் சாலையில் போக்குவரத்துக் காவலர் மடக்கிவிட்டார். பின்னால், அன்று இரவல் வாங்கிய வண்டியில் நான்.

"இன்னாபா, வெய்யிலு மண்டைய பொளக்குது, நீ கோட்டு போட்டுகினு போற?"

"மழ வருது சார்."

"எங்கய்யா வருது?"

"மேலேர்ந்து வர்ல சார். சைடுலேர்ந்து வருது," என்று பவுடர் கடலைப் பார்க்காமலே கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார்.

காவலர் என்னைப் பார்த்தார். "ஒன்னோட ஆளா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்போது காற்று என் பக்கத்திலிருந்து வீசியது. காவலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கெளம்புங்கபா, ஜல்தி!" என்றார்.

பவுடர் என்ற பெயருக்குக் காரணம் அவர் அரைக்கிற பொடி என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் முகப்பவுடர். வியர்வையும் ஈரம்தானே? கையுறைக்குள் கையை விடுமுன் முழங்கை வரை பூசுவது எல்லோரும் செய்வதுதான். இவர் கழுத்து, காது, நெற்றி, புருவம் என்று ஆரம்பித்துத் திருவிழாவில் வேஷம் கட்டுகிறவர் மாதிரி வந்து நிற்பார். கழுத்தில் தொங்கும் மாதா டாலர்கூட வெள்ளையாக இருக்கும். வாசம் என்னவோ மல்லிகை. அந்த வாசத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

முறுக்கு விவகாரத்தில்தான் அவர் புகழ் ஊரெல்லாம் பரவியது. பெட்டிக்குள் எதை அனுப்பினாலும் முதலில் ஒரு சின்ன அறையில் வைத்து, பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். புதிதாக வந்து இன்னும் யாரும் தொடாத ஒரு பெட்டியின் அந்த அறைக்குள், டீக்கடையில் வாங்கிய நமுத்துப்போன முறுக்கை வைத்து பம்ப்பைத் தட்டிவிட்டார் பவுடர். வெளியே எடுத்துக் கடித்தால், கடித்த சத்தம் இரும்பு மார்க்கெட் வரை கேட்டது. மறுநாள் டீ அக்கா அப்பளத்தோடு வந்தார். வாட்ச்மேன் தட்டையோடு வந்தார். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு டப்பா சிப்ஸ் வந்தது. வரிசை கேட் வரைக்கும் நின்றது.

எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. வரிசையில் நிற்பானேன், என்னிடம் என் பெட்டி இல்லையா என்று அரைக் கிலோ முறுக்கை என் பெட்டியின் சின்ன அறையில் வைத்து பம்ப் போட்டேன். மொறுமொறு என்றுதான் வந்தது. நாலு பேருக்குக் கொடுத்தேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பைப்படிக்கு ஓடினார்கள்.

"முட்ட முறுக்குன்னு போர்டு வெச்சி விக்கலாம் நைனா, போணி ஆவும்," என்றார் பவுடர்.

எங்கள் தலைவி, நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், அன்று சாயங்காலமே இரண்டு கடைகளையும் இழுத்து மூடினார். என் முறுக்கைக் குப்பையில் போடச் சொன்னார். பவுடரின் முறுக்கைப் பறிமுதல் செய்து தன் அறைக்கு எடுத்துப் போனார். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்டது.

சிரிப்பு அதோடு நின்றது. ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "காட்டுப்பள்ளி பக்கம் புது ப்ளான்ட் வருது. உங்க ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது. அங்க இருக்கறது ஒரே ஒரு வேலை, அது நிரந்தரம். மாசக் கடைசில பணம் போடறவங்க பார்க்க வர்றாங்க. யாரோட பேட்டரி செல் அவங்க முன்னாடி ஓடுதோ, அவங்களுக்குத்தான் அந்த வேலை."

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமனார் வீட்டில் என்னைக் 'கம்பெனி மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பவுடருக்கோ இரண்டு பெண் குழந்தைகள், ஓய்வு பெற்ற அப்பா. இருவருக்கும் அந்த நாற்காலி வேண்டும். நாற்காலியோ ஒன்று.

சோதனை பாருங்கள், அந்த வாரம் முதல் பவுடரின் வில்லைகள் உடைய ஆரம்பித்தன. அச்சிலிருந்து எடுக்கும்போதே இரண்டாகப் பிளந்து வரும். பொடியை மாற்றினார், அச்சை மாற்றினார், ஜாடியை மாற்றினார். கடைசியில் விஞ்ஞான முறைப்படி ஒரு முடிவுக்கு வந்தார்: கண் திருஷ்டி.

மறுநாள் பெட்டி மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பவுடர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கை உப்பை எடுத்துப் பெட்டிக்கு இடம் மூன்று, வலம் மூன்று சுற்றி வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சரியாக அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்தார். அவர் கண் உப்பு பாட்டிலின் மேல் போனது.

"அது ஆராய்ச்சிக்கு வாங்கின சுத்த சோடியம் குளோரைடு. சுத்திப் போட கல்லுப்பு கிடைக்கலையா உங்களுக்கு?"

"கல்லுப்புல ஈரம் கீது மேடம். அத்த போயி பொட்டி பக்கத்துல கொண்டாறதா?"

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு போனார். பவுடர் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு யார்துன்னு எனுக்கு தெரியும் நைனா. நீ வந்து எட்டிப் பாத்துட்டு, 'சூப்பரா கீது'ன்னு ஒரு வார்த்த சொல்ற பாரு, அப்பால எட்த்தா படக்குனு ரெண்டாவுது."

"நா நல்லாக்கீதுன்னுதான சொன்னேன்?"

"வாயி சொல்லுது. வவுறு இன்னா சொல்லுது?"

வயிறு என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும்.

"ஒன்னு பண்ணு," என்றார். "திட்டு."

"யார?"

"வில்லைய. நல்லாக்கீதுன்னு சொன்னா ஒடையுதில்ல? அப்போ கேவலமாக்கீதுன்னு சொல்லு. மன்சார சொல்லணும். டபாய்க்கக் கூடாது."

சொன்னேன் பாருங்கள். பவுடர் பிரஸ்ஸை அடித்து ஏற்றி, அழுத்தத்தை இறக்குகிற வால்வின் மேல் கை வைத்துக்கொண்டு, "ஆரம்பி" என்றார். நான் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றுகொண்டு, "டேய் சோமாரி! கஸ்மாலம்! நீயெல்லாம் ஒரு வில்லையா? ரேசன் கட உப்புக்குப் பொறந்துட்டு சிர்கோனியம் வூட்டு மாப்ள மாறி இன்னா சீனு ஒனக்கு? மல்லிப்பூ வாசன கேக்குதா? அக்கா வந்து கையில டீ குட்த்தா நீ பெரிய ஆளா?" என்று ஆரம்பித்து, பவுடரிடம் நேரில் சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்த மாத்திரை அளவு வில்லையின் தலையில் கொட்டினேன். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ரசித்துக் கேட்டுக்கொண்டே பவுடர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். அச்சைத் தள்ளினால், முழு நிலா மாதிரி வில்லை வந்தது. ஒரு கீறல் இல்லை.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் விடுப்பு எடுத்த அன்று செய்தவை எல்லாம் உடைந்தன. அன்றோடு என் உத்தியோகம் உறுதியாயிற்று. காலையில் டீ ஆனதும், "முட்ட, வா, திட்டு!" என்று குரல் வரும். போட்டியாளனின் வில்லை உடையாமல் வர, போட்டியாளனே போய் நின்று தொண்டை கிழியக் கத்துகிற கொடுமை வேறெந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்காது. போகாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். அத்தனை பொறாமையையும் வாய்விட்டுச் சொல்ல அனுமதி கிடைக்கும்போது போகாமல் இருக்க நான் என்ன முனிவரா?

இதற்கிடையில் என் வில்லைகளும் உடைய ஆரம்பித்தன. நானே திட்டிப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல, "ஏண்டா கண்ணு" என்று தொடங்கி இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும், உடைந்துவிடும். மானத்தை விட்டுப் பவுடரிடம் போனேன்.

"அண்ணாத்த, என்தையும் கொஞ்சம் திட்டேன்."

பவுடர் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு என் பெட்டி முன்னால் வந்து நின்றார். தெருச்சண்டை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவர் குரலோ தாழ்ந்து வந்தது.

"டேய் முட்ட வில்ல. நாத்தம் புட்ச்சவனே. ஒனக்கு இன்னாடா கொற? சோடியம் பக்கத்துல ஒன்ன வெச்சா ஒனக்கு ஒன்னியும் ஆவுறதில்ல. ரெண்டு பேரும் தோஸ்து மாறி குந்திகினு கீறீங்க. என்து போயி பக்கத்துல குந்துனா சோடியம் கட்ச்சி துன்னுடுது. நா ராவும் பகலும் அரைக்கிறேன், ஜாதகம் சேர்ல. நீ சொம்மாக் கெடக்குற, ஒன்ன ஒத்துக்குது. இத்தப் பாத்துப் பாத்து என் வவுறு எரியுதுடா. வூட்ல சோறு எறங்கல தெரியுமா ஒனக்கு?"

நான் வால்வைத் திறந்துகொண்டிருந்தேன். கை தானாக மெதுவாகிவிட்டது. என் மேல் ஒருவருக்குப் பொறாமையா? என் மேலா? பஸ்ஸில் பக்கத்தில் எவரும் உட்கார மறுக்கிற என் மேலா? வில்லை முழுசாக வந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"நீ மட்டும் இன்னா அண்ணாத்த?" என்றேன். "அந்தப் பக்கம் பாஸிட்டிவ் முனைல ஓல்டேஜ் ஏறுனா என் வில்ல கருகிப்போவுது. உன்து கல்லு மாறி நிக்குது. எனுக்கு எரியாதா?"

"எரியுமா?"

"தெனமும் காலைல வந்து கத்துறனே, அது இன்னா பாட்டுன்னு நென்ச்ச?"

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டாக்டரம்மா. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"மொதல்ல ஒண்ணு சொல்றேன்," என்றார். "திட்டறதால இல்ல. போட்டி அவசரத்துல வால்வைப் படக்குன்னு திறந்தீங்க, உடைஞ்சுது. திட்டி முடிக்கிற வரைக்கும் வால்வை மெதுவா திறக்கறீங்க. அழுத்தம் நிதானமா இறங்குது, வில்லை உடையல. அவ்வளவுதான். ரெண்டாவது, நீங்க ரெண்டு பேரும் இப்ப திட்டினீங்களே, அதுதான் நான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கற விஷயம். பாஸிட்டிவ் பக்கம் ஹாலைடு, சோடியம் பக்கம் கந்தகம், ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அழுத்துங்க. வெளிநாட்ல செஞ்சு காட்டிட்டாங்க. நீங்களும் படிச்சிருக்கீங்க. ஏன் செய்யல?"

படித்திருந்தோம். ஏன் செய்யவில்லை என்றால், அதற்கு இரண்டு பேரும் ஒரே பெட்டியில் கை விட வேண்டும்.

விட்டோம். புதுப் பெட்டிக்கு முன்பக்கம் இரண்டு கையுறை, பின்பக்கம் இரண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை முகத்தோடு பவுடர், இந்தப் பக்கம் நான். அவர் பொடியை அச்சில் கொட்டித் தட்டினார். அதன் மேல் நான் என் பொடியைக் கொட்டித் தட்டினேன். பம்ப் சத்தத்தில் பேசுவது கேட்காது, சைகைதான். டாக்டரம்மா காரணம் சொல்லிவிட்டாலும் திட்டுவதைப் பவுடர் விடவில்லை. "மேடத்துக்கு பிசிக்ஸு தெரியும் நைனா, கண்ணேறு தெரியாது," என்றார். இருவரும் சேர்ந்து, கண்ணாடியின் இரு பக்கமும் நின்று, ஒரே வில்லையை வாயில் வந்தபடி திட்டினோம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் லேசான மஞ்சள். வில்லை பிளக்காமல் வந்தது.

மாசக் கடைசியில் பணம் போடுகிறவர்கள் வந்தார்கள். செல்லில் ஒரு சின்னக் காத்தாடியை மாட்டியிருந்தோம். அது சுற்றியது. நிற்காமல் சுற்றியது. வந்தவர்களில் பெரியவர் கேட்டார்: "இது யார் செஞ்சது?"

"இவுரு," என்றார் பவுடர், என்னைக் காட்டி.

எனக்கு வந்ததே கோபம். வாசம் அவருக்கு, முறுக்கு அவருக்கு, அக்கா கையால் டீ அவருக்கு. இப்போது பெருந்தன்மையும் அவருக்கேவா? "இல்ல சார், இவர்தான்!" என்று கத்தினேன்.

"நான் இல்ல சார், அவுருதான்!"

"பொய் சார்!"

"யாருபா பொய் சொல்றது?"

டாக்டரம்மா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதைகளில் இந்த இடத்தில் இரண்டு வேலை முளைக்கும். எங்களுக்கு முளைக்கவில்லை. ஹாலைடை ப்ளான்ட்டிலேயே பெரிய அளவில் அரைக்கப் போகிறார்கள், கந்தகப் பொடியை வெளியில் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று முடிவானது. வேலை பவுடருக்கு.

ஷெட்டின் பின்னால், லாரிகள் கம்பி ஏற்றுகிற சத்தத்தில், பவுடர் வந்து என் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வியர்வையில் வெள்ளை எல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தது. அவர் துடைக்கவில்லை.

"நா போவலன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பைத்தியமா அண்ணாத்த? ரெண்டு பொண்ணு கீது. போ."

அவர் லாரியைப் பார்த்தபடியே கேட்டார்: "ஒனக்குக் காண்டா இல்லியா?"

"கீது. நெறயா கீது."

"நெசமா?"

"மாதா சத்தியமா."

"அப்ப சரி," என்று பெருமூச்சு விட்டார். "நீ எரியலன்னா எனுக்கு வேல கெட்ச்ச மாறியே இருக்காது."

நான் இப்போது ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் டப்பாக்களைத் திறந்து பார்த்து மூடுகிற வேலையில் இருக்கிறேன். மாமனார் வீட்டில் மறுபடி 'கம்பெனி மாப்பிள்ளை' ஆகிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று அவர்கள் கேட்பதில்லை. போன வாரம் பவுடர் போன் செய்தார். காட்டுப்பள்ளியில் கடல் இன்னும் கிட்டேயாம். அவரோடு வேலை செய்ய ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம்.

"ஆளு எப்டி?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"ரொம்ப நல்ல மன்சன் நைனா. என் வில்லையப் பாத்தா 'வெரிகுட் சார்'ங்கறான். மனசுல ஒன்னியும் வெச்சிக்கிறதில்ல. பேஜாராக்கீது."

போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தேன். அந்த வேலையை நினைத்து எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. ஆனால், முகம்கூடத் தெரியாத அந்த நல்ல மனுஷன் தினமும் காலையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பவுடரின் வெள்ளை முகத்தைப் பார்க்கிறானே, அதை நினைத்தால்தான் எரிகிறது.